பிரதம அதிதியின் வயிறு

சுனாமிக்கென்று கப்பலேறிய ஓர் இயந்திரம், சுனாமி வந்து மூன்றரை வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில் வாவிக்கரை ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வந்து சேர்ந்தது. இடையில் இரண்டு வருடம் அது கொழும்புத் துறைமுகத்தில் பத்திரமாக இருந்ததாம். எந்தக் குழந்தைகளை நினைத்து வெளிநாட்டுக்காரர் அதை அனுப்பினார்களோ, அந்தக் குழந்தைகள் இப்போது பாலர் பாடசாலையில் உட்கார்ந்து 'அ' எழுதிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. குழந்தைகள் வந்துகொண்டேதான் இருக்கும். இயந்திரம்தான் எப்போதாவது வரும்.

அது குறைமாதக் குழந்தைகளின் வயிற்றைப் பார்க்கும் இயந்திரம். கீறத் தேவையில்லை, ஊசி குத்தத் தேவையில்லை. வயிற்றுத் தோலில் ஒரு வில்லையை ஒட்டினால் போதும். வில்லையிலிருந்து ஒரு சிவப்பு வெளிச்சம் உள்ளே போய், வயிற்றுக்குள் அழுத்தம் எவ்வளவு, குடலுக்கு ஒட்சிசன் போய்ச் சேர்கிறதா என்று பார்த்துவிட்டு வரும். இயந்திரம் அதைச் சீட்டில் அடித்துத் துப்பும். இயந்திரத்தோடு வந்த வில்லைகள் ஐந்து. ஒருமுறை ஒட்டினால் பசை போய்விடும், மறுமுறை பிடிக்காது.

இயந்திரம் வந்த மறுநாள், அதிலிருந்து ஆறடி தள்ளியிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் சுலோஜனாவின் மகனுக்கு வயிறு ஊதத் தொடங்கியது.

சுலோஜனா தேற்றாத்தீவுக்காரி. கணவன் வாவியில் இறால் பிடிப்பவன். ஏழரை மாதத்தில் பிறந்த பிள்ளை, நிறை ஒன்றரைக் கிலோ. பெயர் வைக்கவில்லை. பெட்டியில் 'சுலோஜனாவின் குழந்தை' என்று எழுதி ஒட்டியிருந்தது. எட்டு நாளாகக் குழாயால் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை, செவ்வாய்க்கிழமை காலை குடித்ததைப் பச்சையாகக் கக்கியது. வார்டுக்குப் பொறுப்பான தாதி கேதீஸ்வரி மிஸி உடனே பாலை நிறுத்தி, மருந்தேற்ற வழி செய்து, தன் பையிலிருந்து தையற்காரரின் அளவுநாடா ஒன்றை எடுத்துப் பிள்ளையின் வயிற்றைச் சுற்றி அளந்தாள்.

"நேத்து இருவத்திமூணு. இண்டைக்கு இருவத்திநாலு" என்று சொல்லி அட்டையில் எழுதினாள். அதே அட்டையில் 'மலம்' என்றொரு நிரல் இருந்தது. அதில் 'இல்லை' என்று எழுதினாள்.

"ஒரு அங்குலம் கூட இல்லையே மிஸி, அதுக்கு ஏன் முகத்த இப்பிடி வெச்சிருக்கிங்க?" என்று கேட்டாள் சுலோஜனா.

"இந்த வயித்துக்கு அது பெரிசு, புள்ள. குடலுக்கு ரத்தம் ஓடாட்டி இப்பிடித்தான் ஊதும். மறுகா குடல் அழுகும். கொழும்புக்கு அனுப்புறதுதான் நல்லம்."

சுலோஜனா ஆறடி தள்ளிப் பார்த்தாள். இயந்திரம் பொலித்தீன் உறைக்குள், இடுப்பில் சிவப்பு றிபன் கட்டிக்கொண்டு நின்றது.

"அந்த மெசின் குடலைப் பாக்குற மெசின்தானே?"

"ஓம்."

"அப்ப பாருங்களன்."

"இன்னும் திறக்கல்ல" என்றாள் மிஸி.

இந்தப் பதில் சுலோஜனாவுக்குப் புதிதல்ல. அந்த வருடங்களில் மட்டக்களப்பில் திறந்து வைக்கப்படாத பொருளை எவரும் தொட முடியாது. கிணறு, தோணி, பாலம், பால்மாப் பெட்டி, எல்லாவற்றுக்கும் அதே சட்டம். சுனாமிக்குப் பிறகு அவள் தறப்பாள் கொட்டிலில் இருந்த காலத்தில் முகாமுக்கு ஆறு மலசலகூடங்கள் கட்டினார்கள். பிரதம அதிதிக்கு நாள் வசதிப்படாததால் அவை பத்தொன்பது நாள் பூட்டியே கிடந்தன. சனம் செம்பைத் தூக்கிக்கொண்டு சவுக்கங்காட்டுக்குப் போய்வந்தது. இருபதாம் நாள் விளக்கேற்றி, றிபன் வெட்டி, கதவுக்கு மாலை போட்டார்கள். கதவுகள் அந்த மாரியிலேயே கழன்று விழுந்தன. பெயர்க்கல் மட்டும் இன்னும் அசையாமல் நிற்கிறது.

ஆனால் மலசலகூடத்துக்குச் சவுக்கங்காடு இருந்தது. குடலுக்கு என்ன இருக்கிறது?

அதைக் கேட்கத்தான் அவள், பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்ப மிஸி எழுதிய கடிதத்தையும் தூக்கிக்கொண்டு பணிப்பாளரிடம் போனாள். குழந்தை வைத்திய நிபுணரின் கதிரை பத்து மாதமாகக் காலி. கிழமைக்கு ஒருமுறை யாராவது அதைத் துடைத்துவிடுவார்கள். ஆகவே கொழும்புக்கு அனுப்பும் கடிதங்களில் பணிப்பாளர் டொக்டர் அழகரத்தினமே ஒப்பமிட்டார். எவரிடமும் மேடையில் பேசுவதுபோலவே பேசும் மனிதர் அவர்.

"இருபத்துநான்கு சென்றிமீற்றர் என்கிறீர்கள். எதனால் அளந்தீர்கள்?"

"மிஸி அளவுநாடாவால அளந்தவ, ஐயா."

"அம்மா, நாடா சொல்வது அபிப்பிராயம். இயந்திரம் சொல்வதே ஆதாரம். இயந்திரம் உள்ள வைத்தியசாலை, இயந்திரத்தின் சீட்டு இல்லாமல் எந்தக் குழந்தையையும் வயிற்றுக் கோளாறுக்காக வெளியே அனுப்பலாகாது. சுற்றறிக்கை இருக்கிறது."

"அப்ப மெசினால பாத்துச் சீட்டுத் தாங்க, ஐயா."

"திறந்து வைக்கப்படாத இயந்திரம் இந்த வைத்தியசாலையில் இல்லாத இயந்திரம்."

"இல்லாட்டி, சீட்டில்லாமலே அனுப்பலாம்தானே?"

டொக்டர் அழகரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "இயந்திரம் ஆறடியில் நிற்கும்போது அதை இல்லையென்று நான் எழுதலாமா? அது பொய்யல்லவா?" என்று வருத்தத்தோடு கேட்டார்.

வார்டுக்குத் திரும்பி வந்து அவள் இதைச் சொன்னபோது, பக்கத்துப் பெட்டியில் இரட்டைப் பிள்ளைகளை வைத்திருந்த சித்தி நபீஸா என்ற ஏறாவூர்க்காரி தலையிலடித்துக்கொண்டாள்.

"போன மாசம் தன்னாமுனைப் புள்ள ஒண்டு இந்த நாடா அளவோட கொழும்புக்குப் போய்ச் சொகமா வந்திரிச்சி, தங்கச்சி. மெசின் வந்ததாலதான் உன்ட புள்ளைக்கி வழியில்லாமப் பெய்த்திரிக்கி."

விழா வெள்ளிக்கிழமை காலை பத்து முப்பத்திரண்டுக்குச் சுபவேளையில் நடப்பதாக இருந்தது. இன்னும் மூன்று நாள். "அஞ்சு வில்லை இருக்கு. வெள்ளிக்கிழமை றிபன் வெட்டின கையோட ஒண்டை உன்ட புள்ளைக்குத்தான் ஒட்டுவன், ஆர் தடுத்தாலும்" என்று மிஸி சத்தியம் செய்தாள். சுலோஜனா கையை விரித்து விரல்களை எண்ணிப் பார்த்தாள். ஐந்து நல்ல எண்ணிக்கையாகத்தான் தெரிந்தது.

முதலாவது வில்லை செவ்வாய்க்கிழமை பின்னேரமே போயிற்று. களஞ்சியப் பொறுப்பாளர் நல்லரத்தினம், புதிதாக வரும் பொருளின் மாதிரி ஒன்று பதிவேட்டில் ஒட்டப்பட வேண்டும் என்ற விதியைக் கண்டுபிடித்தார். பஞ்சு, பிளாஸ்தர், நூல் எல்லாம் அப்படித்தான் அந்தப் பதிவேட்டில் ஒட்டிக்கிடந்தன. நூற்றுப்பதினெட்டாம் பக்கத்தில் வில்லையை ஒட்டி, நாலு மூலையிலும் கையெழுத்து வைத்தார்.

"நல்லாத்தான் ஒட்டுது" என்று சான்றும் எழுதினார்.

புதன்கிழமை ஒத்திகை. அதற்கு ஒரு பிளாஸ்ரிக் பொம்மை வாங்கிவந்து, குளிப்பாட்டி, தொப்பி போட்டுப் படுக்க வைத்தார்கள். இரண்டாவது வில்லை அதன் வயிற்றில் ஏறியது. இயந்திரம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அழுத்தம் பூச்சியம், ஒட்சிசன் பூச்சியம் என்று காட்டியது. டொக்டர் அழகரத்தினம் திருப்திப்பட்டார். "இப்படித்தான் இருக்க வேண்டும் குழந்தை. எந்த முறைப்பாடும் இல்லை" என்றார்.

ஆறடி தள்ளி, அளவுநாடா இருபத்தைந்தைக் காட்டியது. மலம் இல்லை.

சுலோஜனா மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாலைப் பிழிந்து கோப்பையில் எடுப்பாள். பிள்ளைக்குக் கொடுக்கமுடியாத பால். பிழியாவிட்டால் வற்றிவிடும் என்று மிஸி சொல்லியிருந்தாள். வார்டின் பின்பக்கம் நின்ற முருங்கை மரத்தடியில் அதை ஊற்றிவிட்டு வருவாள். அந்தக் கிழமை அந்த முருங்கை கொழுத்துப் போயிற்று.

மூன்றாவது வில்லை அழைப்பிதழில் போனது. எல்லோருக்கும் வில்லையின் படம் அச்சிட்ட அழைப்பிதழ். பிரதம அதிதிக்கு மட்டும் அசல் வில்லையே ஒட்டிய அழைப்பிதழ். அதை அவருடைய செயலாளர் வாங்கி, ஏதோ நோய்க்குப் போடும் பிளாஸ்தர் என்று நினைத்துத் தன் முழங்காலில் ஒட்டிக்கொண்டாராம். வலி குறைந்ததாகத் தொலைபேசியில் நன்றி சொன்னார்.

சுலோஜனாவின் கையில் மிச்சம் இரண்டு விரல்.

வியாழக்கிழமை மிஸி கடைசி ஆயுதத்தை எடுத்தாள். நேரே பணிப்பாளரிடம் போய், "ஐயா, விழாவுக்குப் பொம்மைய வெச்சுக் காட்டினா வெளிநாட்டுக்காரர் சிரிப்பாங்க. எங்கட வார்டிலயே வயிறூதின புள்ளை ஒண்டு இருக்கு. அதுக்கே ஒட்டிக் காட்டுவம்" என்றாள். பணிப்பாளருக்கு இந்த எண்ணம் பிடித்தது. உண்மையான நோயாளி! வார்டுக்கே வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிள்ளையின் மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், கையில் ஊசி. வயிற்றுத் தோல் வெயிலில் கிடந்த தக்காளிபோல மினுங்கியது.

"படத்துக்கு வராது" என்றார். "இவ்வளவு குழாய்கள் இருந்தால் இயந்திரம் எது, குழந்தை எது என்று பார்ப்போருக்குக் குழப்பமாக இருக்கும். மேலும் பாதுகாப்புப் பிரிவினர், மேடையேறும் ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கேட்டிருக்கிறார்கள். இவருக்குப் பெயரே இல்லை."

"ஐயா, அது பதினொரு நாள் புள்ளை."

"அதைத்தான் நானும் சொல்கிறேன். பதினொரு நாளாகப் பெயரில்லாமல் நடமாடுகிறார்."

பிள்ளை நடமாடவில்லை. சுலோஜனாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு முருங்கையடிக்குப் போனாள்.

விழாவுக்குத் தடுப்பூசிக் கிளினிக்கிலிருந்து வேறொரு பிள்ளையைத் தெரிவு செய்தார்கள். எட்டு மாதம், ஒன்பது கிலோ, கன்னத்தில் குழி. நோய் என்று எதுவுமில்லை. படத்துக்கு மிக நன்றாக வரும்.

வெள்ளிக்கிழமை விடிய மிஸி அளந்தாள். இருபத்தைந்தரை. பிள்ளை அழுவதை நிறுத்தியிருந்தது. மலம் இல்லை என்று எழுதும்போது பேனை கடதாசியைக் கிழித்தது.

எட்டு மணிக்கு வந்த பாதுகாப்புப் பிரிவினர் கட்டில்களுக்குக் கீழும், பால் கோப்பைக்குள்ளும் பார்த்தார்கள். ஒன்பது மணிக்கு இயந்திரத்தை முற்றத்துப் பந்தலுக்கு உருட்டிப் போனார்கள். வார்டுத் தாய்மார் கைதட்டுவதற்காகப் பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்டார்கள். பத்து முப்பத்திரண்டுக்குச் சுபவேளை போனது. பன்னிரண்டேகாலுக்குப் பிரதம அதிதி வந்தார். வாவிக்காற்று மங்கல விளக்கை மூன்று தடவை அணைத்தது. மூன்று தடவையும் படம் எடுத்தார்கள்.

டொக்டர் அழகரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்த இயந்திரம் வருவதற்கு முன்னர் எமது குழந்தைகளின் வயிறுகள் எவராலும் கவனிக்கப்படாமல் கிடந்தன. இன்று அந்த இருள் நீங்குகிறது. திங்கள் முதல் இன்றுவரை, எத்தனையோ வற்புறுத்தல்கள் வந்தபோதிலும், இதனை ஒரு குழந்தையிலேனும் பயன்படுத்தாமல் புத்தம் புதிதாகப் பாதுகாத்து உங்கள் கைகளில் ஒப்படைக்கிறேன் என்பதில் பெருமையடைகிறேன்!"

பின்வரிசை கைதட்டியது. சித்தி நபீஸா மட்டும் கையை மடக்கி வைத்திருந்தாள். "இதுக்குமா தட்டுற?" என்றாள்.

றிபன் வெட்டப்பட்டது. ஒன்பது கிலோப் பிள்ளையின் வயிற்றில் நான்காவது வில்லையை ஒட்டினார்கள். பிள்ளை குனிந்து பார்த்தது. சிவப்பாக எதுவோ மினுங்குகிறது. உரித்தெடுத்து வாயில் போட்டுச் சப்பத் தொடங்கியது. தாயும் தாதியரும் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தபோது வில்லை இரண்டாக மடிந்து கிடந்தது. இயந்திரம் கீச்சிட்டது. பந்தல் சிரித்தது.

மிஸி மேடையோரத்திலிருந்து முன்னுக்கு வந்தாள். "ஐயா, கடைசி ஒண்டு இருக்கு. வார்டுக்குக் கொண்டு போறன்" என்று வில்லைப் பெட்டிக்குக் கையை நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்துப் பிரதம அதிதிக்கு உணர்ச்சி வந்துவிட்டது. அவர் எழுந்தார். "யுத்தம் முடியப் போகிறது. இனி இந்த மாகாணத்தில் எவருடைய வயிற்றிலும் அழுத்தம் இருக்கக்கூடாது என்பதே எனது கொள்கை. என் வயிறு வேறு, மக்கள் வயிறு வேறு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஒட்டுங்கள் எனக்கு!" என்று வெள்ளைச் சட்டையை மேலே தூக்கினார்.

கைதட்டலில் பந்தல் ஆடியது. ஐந்தாவது வில்லை அந்த வயிற்றில் போய் ஒட்டிக்கொண்டது. பெரிய வயல்வட்டை ஒன்றில் ஒரு கொக்கு வந்து இறங்கியதுபோல அது தெரிந்தது. சுலோஜனா தன் கடைசி விரலை மடக்கினாள்.

இயந்திரம் வெகுநேரம் தேடியது. பிறகு விட்டுவிட்டுக் கீச்சிட்டு, ஒரு சீட்டைத் துப்பியது. டொக்டர் அழகரத்தினம் அதை எடுத்தார். இலக்கங்களைப் பார்க்க நேரமில்லை, கமரா காத்திருந்தது.

"பிரதம அதிதி அவர்களின் வயிறு இயந்திரத்தின் எதிர்பார்ப்புகளை விஞ்சிவிட்டது!" என்று அறிவித்து, முதற்சீட்டு என்பதால் அதில் கையெழுத்துப் போட்டு, சட்டைப்பையிலிருந்த இறப்பர் முத்திரையையும் குத்தி, இரு கைகளாலும் வழங்கினார். பிரதம அதிதி இரு கைகளாலும் வாங்கினார். அதன் பிறகு கட்லட் வந்தது. பிரதம அதிதி சீட்டைத் தட்டுக்குக் கீழே வைத்தார், கட்லட்டைச் சாப்பிட்டார், வாகனத்தில் ஏறினார்.

கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் சுலோஜனா மேடையேறி அந்தச் சீட்டை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது. ஐந்து வில்லைகளில் தன் கைக்கு வந்தது இந்தக் கடதாசி மட்டும்தான் என்ற ஆத்திரமாக இருக்கலாம். படிகளில் இறங்கும்போது வாசித்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் மூன்று நாளாக மிஸியிடம் கேட்டுக் கேட்டு இந்த நோயின் இலக்கங்கள் அவளுக்குப் பாடமாகியிருந்தன. நின்ற இடத்திலேயே நின்றாள்.

வார்டுக்குள் ஓடி வந்தாள். "மிஸி, இதப் பாருங்க. அழுத்தம் இருவத்திரெண்டாம். ஒட்சிசன் நூத்துக்குப் பதினேழாம். அந்த மனிசன் சாகப் போறாரா?"

மிஸி சீட்டை வாங்கிப் பார்த்தாள். நாலு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஏதோ அசைந்தது.

"அந்த மனிசனுக்கு ஒரு கேடுமில்ல, புள்ள. இது குஞ்சுப் புள்ளைகளுக்குச் செய்த மெசின். ஒரு விரல் ஆழம்தான் அதுக்குத் தெரியும். அந்தக் கொழுப்புக்குள்ள போய்க் குடலைத் தேடித் தேடி மெசின் களைச்சுப் போச்சு."

"ஆனா ஒரு புள்ளைக்கு இந்த இலக்கம் வந்தா?"

"உடன கொழும்பு."

இருவரும் சீட்டையே பார்த்தார்கள். அதில் பணிப்பாளரின் கையெழுத்து இருந்தது. முத்திரை இருந்தது. கட்லட் எண்ணெய் கொஞ்சம் இருந்தது. மேலே 'பெயர்' என்று எழுதி ஒரு கோடு இருந்தது. கோட்டுக்கு மேல் ஒன்றுமில்லை.

"பேர் போடல்லையே மிஸி" என்றாள் சுலோஜனா மெதுவாக.

கேதீஸ்வரி மிஸி இருபத்திரண்டு வருடம் அரசாங்கத்துக்கு வேலை செய்தவள். ஒரு நாள்கூடப் பிந்தி வந்ததில்லை, ஒரு பொய்க்கணக்கும் எழுதியதில்லை. அவள் பெட்டிக்குள் பார்த்தாள். பிறகு பேனையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"வாவிக்காத்துப் பெலமா அடிக்குது. நான் போய் அந்தக் கடைசி யன்னலைச் சாத்திட்டு வாறன்" என்றாள். "சாத்த இறுக்கமான யன்னல். கொஞ்ச நேரம் எடுக்கும்."

சித்தி நபீஸாவும் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "நானும் ஒண்டும் பாக்கல்ல" என்றாள். "ஆனா எழுத்த வடிவா எழுது, தங்கச்சி."

சுலோஜனா வடிவாகவே எழுதினாள்: சுலோஜனாவின் குழந்தை.

பணிப்பாளரின் அறையில் இன்னும் மாலை வாசம் இருந்தது. மிஸி கடிதத்தையும் சீட்டையும் சேர்த்து வைத்தாள். டொக்டர் அழகரத்தினம் முதலில் தன் கையெழுத்தைப் பார்த்தார். தன் கையெழுத்தைக் கண்டால் அதற்கு மேல் ஆராயாத பழக்கம் அவருக்கு. ஆனாலும் இலக்கங்கள் கண்ணில் பட்டுவிட்டன.

"இருபத்திரண்டு! பதினேழு! இந்தக் குழந்தை எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறது? இது எப்போது எடுத்தது?"

"விழாவிலதான், ஐயா" என்றாள் மிஸி. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

பணிப்பாளரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "அப்படியானால், திறந்து வைத்த அன்றைக்கே நமது இயந்திரம் ஓர் உயிரைக் கண்டுபிடித்திருக்கிறது!"

"ஓம், ஐயா."

"ஏன் நிற்கிறீர்கள்? அம்புலன்சை எடுங்கள்! நாலு நாளாக இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்?"

சுலோஜனா வாயைத் திறந்தாள். மிஸி அவள் கையைப் பிடித்து அமத்தினாள்.

அம்புலன்ஸ் விழாவுக்காகச் சோடிக்கப்பட்டிருந்தது. பூமாலையும் வர்ணக் கடதாசியும் காற்றில் பறக்க அது கொழும்புக்கு ஓடியது. சோதனைச்சாவடிகளில் கல்யாண ஊர்வலம் என்று நினைத்து வழி விட்டார்கள். கொழும்பில் ஒரு டொக்டர் சீட்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

"இந்தச் சீட்டுக்காரருக்குத் தொண்ணூறு கிலோ இருக்கும்" என்று கொச்சைத் தமிழில் சொல்லிவிட்டு அதை ஒரு பக்கம் போட்டார். பிறகு கையைச் சூடாக்கி, பிள்ளையின் வயிற்றில் வைத்தார். மிஸியின் அட்டையைத்தான் அவர் வரிவரியாக வாசித்தார். "நல்லவேளை வந்தீங்க. இன்னும் ஒரு நாள் போயிருந்தா குடல் ஓட்டையாயிருக்கும்" என்றார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு சுலோஜனா பிள்ளையோடு கிளினிக்குக்கு வந்தாள். பெயர் வைத்தாயிற்று: நிதுர்ஷன். நிறை நாலரைக் கிலோ. இயந்திரம் பழைய இடத்திலேயே, பின்னல் துணி ஒன்றைப் போர்த்திக்கொண்டு நின்றது. வில்லை கேட்டு எழுதியதற்கு, எத்தனை குழந்தைகளில் பயன்படுத்தினீர்கள் என்று தெரிவித்தால் அனுப்புவோம் என்று பதில் வந்ததாம். வில்லை வந்தால்தானே பயன்படுத்தலாம் என்று இவர்கள் எழுதினார்களாம். கடிதங்கள் நல்ல மரியாதையோடு போய்வந்துகொண்டிருந்தன. இயந்திரத்தின் மேல் மிஸி தன் அளவுநாடாவைச் சுருட்டி வைத்திருந்தாள்.

அன்று பார்த்து வெளிநாட்டுக்காரர் கமராவோடு வந்திருந்தார்கள். டொக்டர் அழகரத்தினம் வெள்ளைக் கோட்டும் சூட்டுமாக நின்றவர், சுலோஜனாவைக் கண்டதும் பாய்ந்து வந்தார்.

"இதோ! எமது இயந்திரம் காப்பாற்றிய முதற்குழந்தை!" என்று நிதுர்ஷனைப் பிடுங்கித் தூக்கி, கமராவுக்கு நேராக நெஞ்சோடு அணைத்தார். "இந்த வயிற்றைப் பாருங்கள்! அழுத்தமும் இல்லை, ஊதலும் இல்லை!" என்று இரண்டு விரலால் தட்டியும் காட்டினார்.

நிதுர்ஷன் அவரைக் கூர்ந்து பார்த்தான். முகம் சிவந்தது. காலைக் குறுக்கினான். அதன்பின் கேட்ட சத்தம் கமராவின் ஒலிவாங்கியிலும் நன்றாகப் பதிந்ததாம். துணியைத் தாண்டி, வெள்ளைக் கோட்டைத் தாண்டி, சூட்டைத் தாண்டி, பணிப்பாளரின் சப்பாத்து வரைக்கும் அது மஞ்சளாக இறங்கியது.

எல்லோரும் விறைத்துப் போய் நின்றார்கள். கேதீஸ்வரி மிஸி மட்டும் அமைதியாக அட்டையை எடுத்தாள். 'மலம்' என்ற நிரலைத் தேடிப் பிடித்தாள்.

"எப்பிடி எழுதுற மிஸி?" என்று கேட்டாள் சுலோஜனா. சிரிப்பை அடக்கியதில் அவள் கண் நிறைந்திருந்தது.

மிஸி பணிப்பாளரை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒருமுறை பார்த்துவிட்டு, 'தாராளம்' என்று எழுதினாள்.